பிரேக்கை மிதித்தால் எரியும் விளக்கு

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கள்ளக்குறிச்சியில் அந்தப் பெயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் புழங்கிவிட்டது. என் பங்குக்கு நானும் அதை அச்சில் ஏற்றி வைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கச்சிராயபாளையம் சாலையில் கார் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன் நான். அதே சாலையில், என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய கடை இருந்தது. தொழில் ஒன்றுதான். அனுபவம் எனக்குத்தான் அதிகம். காரில் செருகினால் அதன் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவியை அந்தச் சாலையில் முதலில் வாங்கியவனும் நான்தான். இருந்தும் ஊரார் என்னை ‘மெக்கானிக்’ என்றார்கள், அவரை ‘அண்ணே’ என்றார்கள். அவரைவிட மூத்தவர்களும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எனக்கு இளையவர் என்று நன்றாகத் தெரிந்தும், நானே ஒன்றிரண்டு முறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறேன்.

இதைப் பொறாமையில்தான் எழுதுகிறேன். கடைசியில் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது படிப்பவர்களுக்கு நல்லது.

ஆள் ஒல்லி. வெள்ளைச் சட்டைதான் போடுவார். கார் ரிப்பேர் செய்கிறவன் வெள்ளைச் சட்டை போடுவது எவ்வளவு பெரிய வீம்பு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கறை பட்டால் அதைப்பற்றிக் கவலைப்படவும் மாட்டார், மறுநாள் அதே கறையோடு அதே சட்டையில் வந்து நிற்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் வயர் டேப் இருக்கும். எல்லோரும் கறுப்பு டேப் வாங்கினால் இவருக்கு மட்டும் நீலம். வயரை ஒட்டிச் சுற்றி முடித்ததும் டேப்பின் நுனியைத் துளி மடித்து விடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, “நாளைக்கு இத பிரிக்கிறவனுக்கு நகம் ஒடையக் கூடாது பாருங்கண்ணா” என்றார். நகத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் முதலில் ஒரு வாசகம் வரும். “வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்குத்தான் மூளை கொஞ்சம் கம்மி. ரெண்டு நாள் வுட்டுட்டுப் போங்க, கத்துக்கறேன்.” இதைக் கேட்டு எவனாவது வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டுமல்லவா? போக மாட்டார்கள். சிரித்துக்கொண்டே சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன கோளாறு என்று சரியாகச் சொல்வேன். உடனே எதிரில் நிற்பவரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும், எங்கே செலவு வைக்கப்போகிறானோ என்று.

அவருடைய கடையில் தப்பு நடக்காமல் இல்லை. நிறைய நடந்தது. வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொரு தப்பையும் அவரே டீக்கடைக்கு வந்து கூட்டத்தின் முன்னால் நடித்துக் காட்டுவார். வடக்கனந்தல் விவசாயி ஒருவருடைய கார் சூடாகிச் சூடாகி நின்றது. இவர் என்னென்னவோ கழற்றி மாட்டிப் பார்த்தும் சூடு குறையவில்லை. கடைசியில் காரணம் அகப்பட்டது.

“என் கை தொடைக்கிற துணிங்க” என்றார், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. “மொத மொதல்ல வண்டி சும்மா செக் பண்ண வந்தப்ப ரேடியேட்டருக்கு முன்னாடி அழகா விரிச்சி வச்சிட்டுப் போயிருக்கேன், கல்யாணத்துக்கு ஜமுக்காளம் விரிக்கிற மாதிரி. அப்பறம் காத்து எங்கருந்து வரும்? அந்த மனுஷன் பாவம், தண்ணி ஊத்திக்கினே ஓட்டியிருக்கார். நானும் துணியக் காணுமேன்னு கடையெல்லாம் தேடிக்கினு இருக்கேன்.”

டீக்கடையே குலுங்கியது. அந்த வடக்கனந்தல்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அடுத்த வாரம் தன் மச்சானுடைய காரையும் இவரிடமே கொண்டுவந்து விட்டார்.

நானும் மனிதன்தானே. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது போல என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சொல்வதற்கு என்னிடம் தப்பு எதுவும் இல்லை. நான் ஒரு வேலையை முடித்தால் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்பேன். ஆகவே ஒரு தப்பைக் கற்பனை செய்தேன். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து அதே டீக்கடைக்குப் போனேன். ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றிவிட்டு அடியில் போல்ட்டை முறுக்க மறந்துவிட்டதாகவும், வழி நெடுக ஆயில் கொட்டிக்கொண்டே போனதாகவும் அவரைப் போலவே கையை ஆட்டிச் சொல்லிவிட்டு நானே முதலில் சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். முந்தின வாரம்தான் அவர் காருக்கு நான் ஆயில் மாற்றியிருந்தேன். வெளியே தன் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியில் எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது, என் வேலை எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து அந்தக் கார் ‘அண்ணே’ கடைக்குத்தான் போகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். “உங்க மொகத்துக்கு அதெல்லாம் ஒத்து வராதுங்க. நீங்க சிரிச்சா, யாருக்கோ இன்னாவோ ஆயிப்போச்சின்னு பயந்துடுவாங்க.”

எல்லாம் வியாபாரத் தந்திரம் என்றுதான் கொஞ்ச நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஆறுதலும் எலவனாசூர்கோட்டையில் போயிற்று. அந்தப் பக்கம் ஒரு வண்டி நின்றுபோய், அதன் வீலைக் கழற்றும் கருவி என்னிடம்தான் இருந்ததால் அவர் என்னையும் பைக்கில் அழைத்துப் போயிருந்தார். வேலை முடிந்து திரும்பும்போது கோயில் தாண்டி ஒரு தெருவில் வண்டியை நிறுத்தினார். ஒரு வீட்டின் முன்னால் கார் நின்றது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “அன்னைக்கு ஒங்க வண்டியில பின் வீல்ல ஒரு கிளிப் போடாம வுட்டுட்டேங்க. நேத்து சாப்புட்டுக்கினு இருக்கும்போது ஞாபகம் வந்துச்சி” என்று சொல்லி, பையிலிருந்து கிளிப்பை எடுத்து அங்கேயே உட்கார்ந்து மாட்டினார். வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கிளிப் உலகத்தில் இருப்பதே தெரியாது. அவர் வீட்டு அம்மா வேகவைத்த வேர்க்கடலையை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் கொடுத்தார்கள், கூட வந்தவன் என்ற முறையில்.

பைக்கில் வரும்போது கேட்டேன். “சர்வீசுக்கு வரும்போது சொல்லாம மாட்டி வுட்டிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?”

“யாருக்கும் தெரியாதுண்ணா. சொல்லாம இருந்தா எனக்குத்தான் இன்னாவோ பண்ணுது. கை கழுவாம சோத்துல வச்ச மாதிரி.”

நடிப்பு என்றால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நடிப்பே இல்லை என்று தெரிந்துபோனதுதான் என் வயிற்றெரிச்சலுக்கு முக்கியக் காரணம்.

ஊரார் போகட்டும். என் கூடப் பிறந்த அக்கா கதைக்கு வருகிறேன். அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. மாமா அங்கேயே சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறார். மலைப் பாதையில் கிளட்ச்சை மிதித்து மிதித்து அக்காவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழையதாக வாங்க முடிவு செய்தபோது, சொந்தத் தம்பி மெக்கானிக்காக இருக்க, வண்டியைப் பார்த்துச் சொல்ல அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். கேட்டதற்கு, “நீ எல்லாத்தையும் குறை சொல்லுவடா. அப்பறம் நான் வண்டியே வாங்க முடியாது” என்றாள். என்னை அவள் ‘டேய்’ என்பாள். அவரைத் ‘தம்பி’ என்பாள். இதை நான் பெரிதுபடுத்துவதாக என் மனைவி சொல்கிறாள்.

வண்டியைச் சர்ச்சில் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த அன்று, டாஷ்போர்டில் ஒரு சின்ன மாதா சொரூபம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பஸ்ஸோ வேனோ எதில் ஏறினாலும், டிரைவருக்கு முன்னால் இருக்கும் சாமிப் படத்தில் ஒரு குட்டி பல்பு இருக்கும். டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அது எரியும். ஆபத்து வரும் நேரத்தில் சாமி விழித்துக்கொள்கிறது என்று ஒரு திருப்தி. பின்னால் எரியும் பிரேக் லைட்டின் வயரிலிருந்து ஒரு கிளை இழுத்து அந்தப் பல்புக்குக் கொடுப்பார்கள். அக்காவும் மாதாவுக்கு அப்படி ஒரு நீல விளக்கு வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது. மலையை விட்டு இறங்கிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும்தான், ஆனால் அது மலையேறி வந்து திரும்ப இறங்க வேண்டுமே என்று காரை வாசலிலேயே தயாராக நிறுத்தி வைத்திருந்தாள் அக்கா. அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் எனக்கு போன் வந்தது.

“டேய், கார் எந்தக் கியரும் எடுக்க மாட்டேங்குது. ஸ்டார்ட் ஆவுது, ஆனா நகர மாட்டேங்குது. தம்பிக்கு போன் போட்டுக்கினே இருக்கேன், எடுக்கல. அதான் சரி, உன்கிட்ட சொல்லுவமேன்னு.”

அதான் சரி. உன்கிட்ட சொல்லுவமே. இந்த இரண்டையும் அசைபோட்டுக்கொண்டேதான் என் வேனில் கிளம்பினேன். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் ஏறும்போது மனதுக்குள் ஒரே வேண்டுதல். அவர் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு போனை எடுத்துப் பார்க்கக் கூடாது. அக்கா மகளைப் பற்றிய கவலை எனக்கு இல்லாமல் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே இதுவும் இருந்தது.

வாசலில் அக்கா, மாமா, நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி அவர்கள் மகள். இவர்களோடு, மலையில் ஜீப் ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். அவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்.

“கியர்பாக்ஸ் போச்சிங்க. இந்த மாதிரி வண்டியெல்லாம் மலைக்கு ஆவாது. லாரில ஏத்தி சேலத்துக்குத்தான் கொண்டுபோவணும்.”

அக்காவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. “இவளுக்கு வலி வந்துட்டா இன்னாடா பண்றது? ஜீப்புல குலுக்கிக்கினா கொண்டுபோவ முடியும்?” என்றாள். அவள் என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. காருக்குள் ஏறினேன்.

இந்த வகை ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸ் நம் பழைய கார்களில் இருப்பதுதான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்ன மோட்டாரும் எண்ணெயும் சேர்ந்து கிளட்ச்சை அழுத்திக் கியரைப் போடும். சாவியைத் திருப்பியதும் முன்பக்கமிருந்து ‘ங்ஙீ’ என்று ஒரு முனகல் கேட்டது. அந்த மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. எண்ணெயைப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. எஞ்சின் ஓடியது. லிவரை முன்னால் போகும் ‘டி’க்குத் தள்ளினேன், பின்னால் போகும் ‘ஆர்’க்கு இழுத்தேன். எதில் வைத்தாலும் மீட்டரில், எந்தக் கியரும் விழவில்லை என்பதற்கான ‘என்’ என்ற எழுத்துதான் சிமிட்டியது. கியர் விழவில்லை, விழ முயற்சிக்கவும் இல்லை. உடைந்த கியர்பாக்ஸ் என்றால் உள்ளே ஏதாவது கரகரக்கும், துள்ளும். இது அமைதியாக இருந்தது. ஸ்கேனரும் கியர்பாக்ஸைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை. யாரோ அனுமதி கொடுக்க வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஆட்டோமேட்டிக் காரில் அந்த அனுமதியைக் கொடுப்பது பிரேக் மிதி. நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்திருந்தால்தான் முதல் கியர் விழும். இல்லாவிட்டால் வண்டி திடீரென்று பாய்ந்துவிடும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நான் மிதிப்பது வண்டிக்குத் தெரிகிறதா?

“அக்கா, ஏறி பிரேக்க மிதி” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். பிரேக் லைட் இரண்டும் எரியவில்லை. இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் போகாது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். பிரேக் லைட்டுக்கான ஃபியூஸ் கருகியிருந்தது. அந்த மாடலில் பிரேக் லைட்டுக்கும் கியருக்குப் போகும் தகவலுக்கும் அந்த ஒரே ஃபியூஸ்தான். புது ஃபியூஸ் போட்டேன். அக்கா பிரேக்கை மிதித்ததும் அதுவும் கருகியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஃபியூஸ் தானாகக் கருகாது, எங்கோ ஒரு வயர் இரும்பில் உரசுகிறது. மல்லாந்து படுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தேன். பிரேக் மிதிக்கு மேலே ஒரு கிளை வயர் புறப்பட்டு, ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுழலும் கம்பியின் மேலாகவே ஓடி, டாஷ்போர்டுக்கு ஏறி, மாதாவின் காலடிக்குப் போயிற்று. மலை வளைவுகளில் ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அந்த இடத்தில் வயரின் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. கிளை பிரியும் இடத்தில் டேப் சுற்றியிருந்தது. நீல டேப். நுனி துளி மடித்திருந்தது.

அந்த மடிப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். அதைவிட அழகான ஒன்றை அந்த வருஷம் முழுக்க நான் பார்க்கவில்லை.

கிளையைப் பிரித்துத் தொங்க விட்டேன். சுலபமாகத்தான் வந்தது. நகம் உடையவில்லை. புது ஃபியூஸ் போட்டு, நானே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து லிவரைத் தள்ளினேன். சிமிட்டல் நின்று ‘டி’ என்று வந்தது. காலை எடுத்ததும் கார் மெல்ல முன்னால் ஊர்ந்தது. அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “மாதாவே, உனக்குக் கோடி நன்றி” என்றாள். மாதாவின் விளக்கால்தான் கார் நின்றது என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

தெரியவைக்கத்தான் போகிறேன். வசனம் தயாராக இருந்தது. ‘அக்கா, இந்த வயர யாரு போட்டாங்க, ஞாபகம் இருக்கா?’ என்று சாதாரணமாக ஆரம்பிக்க வேண்டும். அவள் அவருடைய பெயரைச் சொன்னதும் நான் ஒன்றும் பேசாமல் வயரைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஜீப்காரர் வெற்றிலை துப்பப் போயிருந்தார். அவரும் வந்துவிடட்டும் என்று காத்திருந்தேன். வந்தது பைக் சத்தம்.

வெள்ளைச் சட்டையில், முழங்கையெல்லாம் கிரீஸோடு அவர் இறங்கி ஓடிவந்தார். “போன கடையில வச்சிட்டு வடக்கனந்தல்ல ஒரு வண்டிக்கு அடியில படுத்துக்கினு இருந்தேங்க்கா. திரும்பி வந்து பாத்ததும் அப்படியே கெளம்பி வந்துட்டேன். இன்னா ஆச்சி?” என்று கேட்டுக்கொண்டே காருக்குள் குனிந்தார். தொங்கிக்கொண்டிருந்த வயர் கண்ணில் பட்டது. அதைக் கையில் எடுத்துத் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, இது என் கை வேலை.”

ஜீப்காரரும் வந்துவிட்டிருந்தார்.

“மலையில ஓடற வண்டி, வளைவு ஜாஸ்தி, ஸ்டியரிங் திரும்பிக்கினே இருக்கும்னு நான் யோசிச்சிருக்கணும். கம்பி மேலயே வயர வுட்டுட்டு வந்திருக்கேன். தேஞ்சி தேஞ்சி ஒட்டிக்கிச்சி. வெளக்குக்குத் தனியா ஃபியூஸும் போடல, போட்டிருந்தா வெளக்கு மட்டும்தான் அணைஞ்சிருக்கும். புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டு வண்டிய நிக்க வச்சிட்டேங்க்கா.”

டீக்கடையில் நடித்துக் காட்டும் குரல் இல்லை அது. கண்ணில் நீர் கோத்திருந்தது. அக்கா போய் அவர் தலையில் கை வைத்து, “வுடு தம்பி, வேணும்னா பண்ண? எழுந்திரு” என்றாள். மாமா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். என் வசனம் என் வாயிலேயே இருந்தது. நான் சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். என் வசனத்தில் இல்லாத ஃபியூஸ் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். “கண்டுபுடிச்சது அண்ணன்தான், பாருங்க. நானா இருந்தா மொதல்ல கியர்பாக்ஸ கழட்டிப் போட்டிருப்பேன். இவரு கியர்பாக்ஸத் தொடவே இல்ல.” எல்லாம் உண்மை. என்னைப் பற்றி அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு நல்ல வார்த்தை யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. ஜீப்காரர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார். “பெரிய மனசுய்யா உனக்கு.” என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார்.

“மாதா இருட்டுல நிக்கக் கூடாதுக்கா” என்று சொல்லி, அப்போதே புது வயரை எடுத்து மறுபடி விளக்கைப் போட உட்கார்ந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் வெளிச்சம் போதவில்லை. டார்ச் பிடித்தது நான்.

சாமைச் சோறும் கோழிக்குழம்பும் பரிமாறினாள் அக்கா. எனக்கும் அவருக்கும் ஒரே அளவுதான் வைத்தாள், கவனித்துப் பார்த்தேன். கை கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளே மகள் “அம்மா” என்று கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. பையைத் தூக்கினோம், போர்வையை எடுத்தோம். கார் கதவருகில் நின்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்தாள்.

“தம்பி, நீ ஓட்டு. டேய், நீ உன் வேன்ல பின்னாடியே வா.”

என் வேனை நான்தான் ஓட்ட வேண்டும், நியாயம்தான். அவருடைய பைக் மலையிலேயே கிடக்கலாம், என் வேனைத் தனியாக விட முடியாது. யோசித்துப் பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் நடந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்வராயன் மலை வளைவுகளில் அவர் காரைப் பூப்போல இறக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வளைவிலும் என் கண் முன்னால் பிரேக் லைட் இரண்டும் சிவப்பாக எரிந்து அணைந்தன. நான் எரியவைத்த லைட். அதே நேரத்தில் உள்ளே மாதாவின் காலடியில் நீல விளக்கு எரிந்திருக்கும். பிள்ளை பெறப் போகிறவளும் அவள் தாயும் அதைத்தான் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். காருக்குள் இருப்பவர்களுக்குப் பின் லைட் தெரியாது.

பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் தோளைத் தட்டி, “தம்பி வர வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தான். நீதான் கண்டுபுடிச்சியாமே” என்றாள். கண்டுபிடிக்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தவளே அவள்தான். இருந்தும் அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கு அது நடந்த விஷயமாக ஆயிற்று.

பிறகு அவர், தன் மகள் வேலை செய்யும் ஓசூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். கடையைக் காலி செய்த அன்று என்னிடமும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “என் வண்டிங்கள எல்லாம் பாத்துக்கங்கண்ணா” என்றார். பார்த்துக்கொள்கிறேன். பாதிப் பேர் என்னிடம்தான் வருகிறார்கள். சாவியைக் கொடுக்கும்போது, “அண்ணே ஓசூர்ல எப்படி இருக்காராம்?” என்று என்னிடம் கேட்கிறார்கள்.

அக்காவின் காரும் இப்போது என்னிடம்தான் சர்வீசுக்கு வருகிறது. விடுவதற்கு முன் ஒவ்வொரு தரமும் சொல்லுவாள். “தம்பி போட்ட வெளக்குல கைய வச்சிடாதடா.” அவள் போனதும் நான் மல்லாந்து படுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைக்கிறேன். வயர் கம்பியிலிருந்து நான்கு விரல் தள்ளி, ரப்பர் குழாய்க்குள் போகிறது. தனி ஃபியூஸ் இருக்கிறது. நீல டேப்பின் நுனி மடித்தே இருக்கிறது, இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்க்கிறேன். இதுவரை ஒரு குறையும் கிடைக்கவில்லை.

பிறகு எழுந்து சீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் அந்தக் காரில் எந்தக் கியரும் விழாது. மிதிக்கிறேன். விளக்கு எரிகிறது.